விளக்கு அணைந்தது, குறை தீர்ந்ததா?

(பத்தாம் வகுப்பு மாணவி)



காரின் முன்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்யும்போது ஓட்டுநரின் எதிரே உள்ள பலகையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வேகத்தைக் காட்டும் முள், பெட்ரோலின் அளவைக் காட்டும் முள் ஆகியவற்றோடு சிறுசிறு விளக்குகள் பல அங்கே உண்டு. அவற்றுள் ஒன்று எஞ்சினின் உருவம் வரையப்பட்ட மஞ்சள் விளக்கு. அதனைச் ‘செக் எஞ்சின் விளக்கு’ என்பர். சாவியைத் திருப்பியவுடன் ஒளிர்ந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுவது அதன் இயல்பு. வண்டி ஓடும்போதும் அது அணையாமல் எரிந்தால், எஞ்சினிலோ அதன் புகையைத் தூய்மை செய்யும் பாகங்களிலோ ஏதோ குறை இருக்கிறது என்பது பொருள்.

இவ்விளக்கைப் பற்றிப் பல வீடுகளில் ஒரே விதமான முறையீட்டைக் கேட்கிறோம். “விளக்கு எரிந்தது, பட்டறைக்குக் கொண்டுபோனோம், ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம், விளக்கு அணைந்தது, ஒரு வாரத்தில் மறுபடியும் எரிகிறது!” இதுவே அந்த முறையீடு. சிலர் இரண்டாம் முறையும் சென்சாரை மாற்றுகிறார்கள். பணம் போகிறது, விளக்கோ போவதில்லை.

இது ஏன் நிகழ்கிறது? இதற்கு என்ன செய்ய வேண்டும்? பெட்ரோலில் ஓடும் வண்டிகளை மனத்திற்கொண்டு இவற்றை நாம் இக்கட்டுரையில் காண்போம். “கார் எஞ்சினைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்கு என்ன பேச்சு?” என்று யாரேனும் கேட்கலாம். நம் அன்னையர் ஓட்டும் ஸ்கூட்டர்கள் பலவற்றிலும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றில், இதே விளக்கும் இதே சென்சாரும் இருக்கின்றன. ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுதான்!

விளக்கு பிறந்த கதை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் என்னும் பெருநகரம் உள்ளது. 1940-களில் அந்நகர மக்கள் கண் எரிச்சலாலும் தொண்டைக் கரகரப்பாலும் பெரிதும் அவதியுற்றனர். பழுப்பு நிறப் புகைமூட்டம் ஒன்று நகரின்மேல் கவிந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பலரும் குழம்பினர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஏரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர் 1950-களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டார். கார்களின் புகையிலும் எண்ணெய் ஆலைகளின் ஆவியிலும் உள்ள ஹைட்ரோகார்பன்களும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாக மாறுகின்றன என்று அவர் காட்டினார்.

கார்ப் புகையைக் குறைத்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தது. அதற்கெனப் புகைக்குழாயில் ‘கேட்டலிடிக் கன்வெர்ட்டர்’ என்னும் வினையூக்கிப் பெட்டியைப் பொருத்தினர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதனுள் மெல்லிய பூச்சாக உள்ளன. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அது ஒருங்கே மாற்றி, கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் ஆகியவையாக வெளியே விடுகிறது.

ஆனால் அப்பெட்டி செம்மையாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகச் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்பதே அந்த அளவு. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால், எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று இதைவிடச் சற்றுக் குறையும்.

இந்த அளவை ஓயாமல் கண்காணிக்க வந்ததே ஆக்ஸிஜன் சென்சார். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் இதனைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் இது முதலில் பொருத்தப்பட்டது. பிறகு, குறை நேர்ந்தால் காரே அதைச் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தனர். கலிபோர்னியாவில் 1988-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து அவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஓ.பி.டி. 2 என்னும் விரிவான முறை 1996 முதல் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவாயிற்று. ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இத்தகைய முறை கட்டாயமாயிற்று.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் அப்பெட்டிக்கு எதிரி. ஆதலால் ஈயம் கலவாத பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதற்கும் அதுவே ஆயிற்று. ஓ.பி.டி. முறையின் முதல் நிலை 2010 ஏப்ரலிலும், இரண்டாம் நிலை 2013 ஏப்ரலிலும் நம் கார்களுக்கு வந்தன. இதுவே நம் மஞ்சள் விளக்கின் வரலாறு. அது ஓட்டுநரை மிரட்டப் பிறந்ததன்று. நாம் மூச்சாய் இழுக்கும் காற்றைக் காக்கப் பிறந்தது.

உப்புப் பார்க்கும் நாக்கு

ஆக்ஸிஜன் சென்சார் ஒரு விரல் நீளமே உள்ள சிறு கருவி. புகைக்குழாயில் மரை வைத்துத் திருகப்பட்டிருக்கும். அதன் நுனியில் சிர்க்கோனியம் டை ஆக்ஸைடு என்னும் பீங்கான் போன்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தை வெளிக்காற்றும், மறு பக்கத்தை எஞ்சின் புகையும் தொடுகின்றன. இரு பக்கங்களிலும் உள்ள ஆக்ஸிஜனின் அளவு வேறுபடும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. 1920-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை.

புகையில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால், பெட்ரோல் மிகுதி என்று பொருள். அப்போது சென்சார் ஏறத்தாழ 0.9 வோல்ட் காட்டும். புகையில் ஆக்ஸிஜன் மிகுதியாக இருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அப்போது 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே விரைவில் சூடேற்ற அதனுள்ளேயே ஒரு சிறு ஹீட்டரும் உண்டு. (வேறு வகையில் அளவு காட்டும் ‘வைட்பேண்ட்’ சென்சார்களும் புதிய வண்டிகளில் உள்ளன.)

சமையலறையை நினைத்துப் பாருங்கள். குழம்பு கொதிக்கும்போது அம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். உப்புக் குறைந்தால் சேர்க்கிறார்கள். நாக்கு சொல்கிறது, கை செய்கிறது. இங்கே நாக்கு, சென்சார். கை, காரின் கம்ப்யூட்டர். சென்சார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. குழம்பில் உப்பு மிகுந்துவிட்டதென்று நாக்கு சொன்னால், நாக்கை மாற்றுவோமா? மாட்டோம் அல்லவா! ஆனால் காரில் பலர் செய்வது அதைத்தான்.

நாக்கும் சில வேளை கெடுவதுண்டு. காய்ச்சல் கண்டவர் நாக்கில் எல்லாமே கசக்கும். அதுபோலச் சென்சாரும் பழுதாவதுண்டு. அப்போது மாற்றத்தான் வேண்டும். கெட்டது நாக்கா, குழம்பா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

அணைந்ததும் எரிந்ததும் ஏன்?

“சென்சாரை மாற்றியதும் விளக்கு அணைந்ததே! அப்படியானால் சென்சார்தானே குற்றவாளி?” என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

புதிய பாகத்தைப் போட்டபின் மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிக் கம்ப்யூட்டரின் நினைவில் உள்ள குறையெண்ணை அழித்துவிடுவார். எண் அழிந்ததும் விளக்கு அணையும். சென்சாரை மாற்றாமலே எண்ணை அழித்திருந்தாலும் அது அணைந்துதான் இருக்கும்! கரும்பலகையில் எழுதிய கணக்கை அழித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று ஆகுமா?

எண் அழிந்தபின் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. குளிர்ந்த எஞ்சின் சூடாவது, சீரான வேகத்தில் ஓடுவது, நின்று புறப்படுவது என ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி நிலைமை வேண்டும். குறைகள் பலவற்றிற்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறையைக் கண்டால்தான் விளக்கை ஏற்றும். ஆகையால் உண்மையான குறை அப்படியே இருந்தாலும் சில நாள்கள் விளக்கு எரியாமல் இருக்கக்கூடும். அந்தச் சில நாள்களின் அமைதியைத்தான் நாம் “சரியாகிவிட்டது” என்று நம்பிவிடுகிறோம்.

குறை உண்மையாகவே நீங்கியிருந்தால், எண்ணை யாரும் அழிக்காமலே, அடுத்தடுத்து மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பின் விளக்கு தானாகவே அணையும். பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது நல்ல வழியன்று. குறையெண்ணோடு, கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த கணக்குகளும், குறை நேர்ந்த நேரத்து நிலையைக் காட்டும் பதிவும் அழிந்துபோகும். தடயத்தை நாமே துடைத்துவிட்டுப் பிறகு திருடனைத் தேடுவது போன்றது அது.

எண் சொல்லும் செய்தி

ஓ.பி.டி. 2 உள்ள கார்களில் ஸ்டியரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு செருகுமிடம் இருக்கிறது. அதில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் குறையெண் தெரியும். அதனைச் சரியாகப் படித்தாலே பாதி வேலை முடிந்தது எனலாம்.

பி 0135 என்றால் முதல் சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் குறை. பி 0133 என்றால் அந்தச் சென்சார் மெதுவாக விடை தருகிறது. இவை சென்சாரைச் சுட்டும் எண்கள். ஆனால் பி 0171 என்பது “கலவையில் பெட்ரோல் போதவில்லை” என்றும், பி 0172 என்பது “பெட்ரோல் மிகுதி” என்றும் சொல்பவை. பி 0300 என்றால் சிலிண்டர்களில் பெட்ரோல் ஒழுங்காகத் தீப்பற்றவில்லை. பி 0420 என்றால் வினையூக்கிப் பெட்டியின் திறன் குறைந்துவிட்டது. கடைசி நான்கையும் கவனியுங்கள். இவற்றில் எதுவும் “சென்சாரை மாற்று” என்று சொல்லவில்லை. அச்செய்திகளுள் சிலவற்றைக் கொண்டு வருவதில் சென்சாருக்குப் பங்கு உண்டு. ஆனால் செய்தி வேறு, செய்தி கொண்டு வந்தவர் வேறு.

எந்தச் சென்சார் என்பதும் முக்கியம். வினையூக்கிப் பெட்டிக்கு முன்னே இருப்பது முதல் சென்சார். பின்னே இருப்பது இரண்டாம் சென்சார். முன்னது பெட்ரோலின் அளவைத் திருத்த உதவுகிறது. பின்னது முக்கியமாக, பெட்டி தன் வேலையைச் செய்கிறதா என்று மேற்பார்வை செய்கிறது. இரு வரிசை சிலிண்டர்கள் உள்ள பெரிய எஞ்சின்களில், ஒன்றாம் எண் சிலிண்டர் உள்ள பக்கமே முதல் வரிசை. இடம் மாறிப் புரிந்துகொண்டு நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழுதானதை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு!

குறை ஒளிந்திருக்கும் இடங்கள்

சென்சார் மாற்றிய பின்னும் விளக்கு எரிவதற்குரிய முக்கியமான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஒயரும் ஃபியூஸும். சென்சார் புதியதாக இருந்தும் அதற்கு மின்சாரம் வரவில்லையென்றால் என்ன பயன்? ஹீட்டரின் ஃபியூஸ் போயிருக்கலாம். ஒயர் சூடான குழாயில் பட்டு உருகியிருக்கலாம். செருகுமிடத்தில் நீர் புகுந்து பச்சை பூத்திருக்கலாம். நம் ஊர்களில் எலி கடித்த ஒயரும் அரிதன்று.

இரண்டாவது, புகைக்குழாயில் கசிவு. முதல் சென்சாருக்கு முன்னே கேஸ்கெட் பழுதாகியோ குழாய் விரிந்தோ இருந்தால், புகை வெளியே வருவதோடு, அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். அக்காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கண்ட சென்சார், “பெட்ரோல் போதவில்லை” என்று சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். வண்டி பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும். சென்சார் இங்கே பொய் சொல்லவில்லை. தன் முன்னே வந்ததைத்தான் சொல்கிறது.

மூன்றாவது, உள்ளே செல்லும் காற்றில் கசிவு. காற்றை அளக்கும் கருவியைத் தாண்டி ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் போகும். பெட்ரோல் பம்பு வலுவிழந்தாலும், இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டாலும் இதே பி 0171 எண் வரக்கூடும்.

நான்காவது, பிளக், காயில் ஆகியவற்றின் பழுது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாவிட்டால் அங்குள்ள ஆக்ஸிஜன் செலவாகாமல் வெளியே வரும். சென்சார் அதைக் கண்டு முறையிடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. எரியாத பெட்ரோல் வினையூக்கிப் பெட்டிக்குள் போய் எரிந்து, பெட்டியையே அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிடும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது இந்த ஆபத்தின் அறிகுறி. உடனே வேகத்தைக் குறைத்து, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, வினையூக்கிப் பெட்டியே தேய்ந்துபோதல். நல்ல பெட்டியானால் முன் சென்சாரின் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பின் சென்சாருடையது ஏறத்தாழ நிலையாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஏறி இறங்கினால் பெட்டி தன் வேலையைச் செய்யவில்லை எனலாம். பி 0420 என்னும் எண்ணுக்காகப் பின் சென்சாரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள்.

ஆறாவது, புதிய சென்சாரே பொருந்தாமை. போலிச் சரக்கு ஒருபுறம். வைட்பேண்ட் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் பழைய வகையைப் போடுவது மறுபுறம். பழைய செருகியை வெட்டிப் புதிய சென்சாரோடு ஒட்டும்போது ஒயர்களை மாற்றி இணைத்துவிடுவதும் உண்டு. எஞ்சினில் தகாத சிலிக்கான் பசையைப் பூசினால் அதன் ஆவி சென்சாரின் நுனியைக் கெடுத்துவிடும். எஞ்சின் ஆயிலையோ ரேடியேட்டர் கூலன்டையோ எரிக்கும் எஞ்சினில் எத்தனை புதிய சென்சார் போட்டாலும் நெடுநாள் உழைக்காது.

ஒரு வாடகைக் காரின் கதை

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் காரிலும் இவ்விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் முன் சென்சாரை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. “புதிய சென்சாரும் சரியில்லை போலிருக்கிறது” என்று சொல்லி மற்றொன்றைப் போட்டார்கள். அதுவும் ஒரு வாரமே தாங்கிற்று. இரண்டு முறையும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அப்பணம் அந்த வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கென்று எடுத்து வைத்திருந்த பணம். வண்டி பட்டறையில் நின்ற நாள்களின் வருமானமும் போயிற்று. போதாக்குறைக்கு, முன்னைவிடப் பெட்ரோலும் அதிகமாகச் செலவாயிற்று.

கடைசியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் எண்ணைப் பார்த்தார், பி 0171. பிறகு கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்று ஸ்கேனரில் பார்த்தார். இருபது விழுக்காட்டுக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஓசை வந்தது. எஞ்சின் சூடேறியதும் அவ்வோசை மறைந்தது. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, சைலன்சரின் வாய் வழியே காற்றைச் செலுத்தி, குழாயின் இணைப்புகளில் சோப்பு நீரை ஊற்றினார். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தும்போது வருமே, அதுபோல ஓரிடத்தில் நுரை குமிழியிட்டது. எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் பழுதாகியிருந்தது.

“தம்பி, சாட்சி சொன்னவனை ரெண்டு தடவை மாத்தியிருக்கீங்க. குத்தம் செஞ்சவன் இங்கேயே உக்காந்திருக்கான்” என்று அவர் சிரித்தாராம். கேஸ்கெட்டை மாற்றச் சில நூறு ரூபாயே ஆயிற்று. அதன்பின் விளக்கு எரியவில்லை. இதைத் தோழி எங்களுக்குச் சொன்னபோது, அறிவியல் வகுப்பில் நாங்கள் எழுதும் “நோக்கம், செய்முறை, காண்பது, முடிவு” என்னும் நான்கு தலைப்புகளும் அந்தப் பெரியவரின் பட்டறையிலேயே இருப்பதைக் கண்டு வியந்தோம்.

முறையாகத் தேடும் வழி

அந்த மெக்கானிக் செய்ததையே ஒரு முறையாக வகுத்துக்கொள்ளலாம்.

1. எண்ணை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். குறை நேர்ந்தபோது எஞ்சினின் சூடும் வேகமும் எவ்வளவு என்னும் பதிவையும் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் எரியும்போது வருவது அதே எண்ணா, வேறு எண்ணா என்று ஒப்பிடுங்கள். வேறு எண் என்றால் அது வேறு குறையாக இருக்கலாம்.

2. கண்ணால் பாருங்கள். ஒயர், ஃபியூஸ், ரப்பர்க் குழாய், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்கச் செலவு இல்லை.

3. ஓடும் எஞ்சினின் அளவுகளைப் பாருங்கள். பெட்ரோலின் திருத்தம் பத்து விழுக்காட்டுக்குள் கூடிக் குறைவது பொதுவாக இயல்பு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது திருத்தம் மிகுந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் குறைந்தால், உள்ளே செல்லும் காற்றில் கசிவு என்று ஐயுறலாம். மாறாக, பாரம் ஏறும்போது திருத்தம் மிகுந்தால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும்.

4. கசிவைச் சோதியுங்கள். சோப்பு நீர், புகை செலுத்திப் பார்க்கும் கருவி ஆகியவை இதற்கு உதவும்.

5. சென்சாரைச் சோதியுங்கள். சூடான எஞ்சினில் முன் சென்சார் விரைவாக ஏறி இறங்குகிறதா, ஹீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கலாம். இச்சோதனையில் அது தோற்றால் மட்டுமே மாற்றுவது முறை.

6. சரி செய்தபின் பல நாள்கள் பலவிதமாக ஓட்டுங்கள். கம்ப்யூட்டரின் சோதனைகள் யாவும் முடிந்துவிட்டனவா என்பதையும் ஸ்கேனரே காட்டும். அவை முடிந்தும் எண் திரும்பவில்லையென்றால்தான் குறை தீர்ந்தது என்று பொருள்.

சூடான குழாயில் கை வைத்தால் தோல் வெந்துவிடும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உயிரையே பறிக்கும். ஆகையால் இவற்றைச் செய்வது பயின்றவர் வேலை. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பாகத்தை மாற்ற இசைவு தருமுன் பெற்றோர் மூன்றே கேள்விகளைக் கேட்டால் போதும். “என்ன எண் வந்தது?” “சென்சார்தான் பழுது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?” “கசிவும் ஒயரும் பார்த்தீர்களா?” மரியாதையோடு கேட்கும் இக்கேள்விகளுக்கு நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு விடை சொல்வார். மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிடுவதும் தவறு. சில நூறு ரூபாயில் தீரவேண்டிய பிளக்கின் குறை, பல ஆயிரம் ரூபாய் பெறும் வினையூக்கிப் பெட்டியை அழித்துவிடும். அதற்குள் அவ்வண்டி கக்கும் நச்சுப் புகையை, காலையில் பள்ளி வாயிலில் வரிசையாக நிற்கும் நம் சின்னத் தங்கைகள்தாம் சுவாசிக்கிறார்கள்.

முடிவுரை

காய்ச்சல் வந்தவருக்கு வெப்பமானியை மாற்றினால் காய்ச்சல் இறங்காது. வெப்பமானி உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். காரிலுள்ள மஞ்சள் விளக்கும் நமக்கு இதையே சொல்கிறது. அது “இதை வாங்கு” என்று சொல்லும் விளம்பரப் பலகை அன்று. “இங்கே தேடு” என்று வழி காட்டும் கைகாட்டி.

ஆகவே, தோழியரே! அடுத்த முறை உங்கள் வீட்டு வண்டியில் அவ்விளக்கு எரிந்தால், “என்ன எண் அப்பா?” என்று நீங்களே முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் வீட்டுப் பணத்தையும், நம் தெருக் காற்றையும் ஒருங்கே காக்கும்.